எங்கே நின்னு பாத்தீங்க?

மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால்கூட, "எங்கே நின்னு பாத்தீங்க?" என்று கேட்கிற மனிதரோடு சிநேகமாக இருப்பது லேசான காரியமில்லை. நான் இருந்தேன். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறந்த சமயம், அவர் விழுப்புரத்தில் மாஜிஸ்திரேட், நான் திண்டிவனத்தில் மாஜிஸ்திரேட். இரண்டு ஊருக்கும் நடுவில் கரி எஞ்சின் இழுக்கிற பாசஞ்சர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் அந்த வண்டியின் புகைதான் வருகிறது. பிறகு புகை கொஞ்சம் விலகி, ஜன்னலோரத்தில் நெடுநெடுவென்று ஒரு உருவம், சோடாபுட்டிக் கண்ணாடி, மடியில் குடை.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் தெரியாது. எங்கள் வட்டாரத்து வக்கீல்கள் அவரை 'எங்கேநின்னு ஐயா' என்றுதான் சொல்வார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டிய அன்று, "யார் சொன்னாங்க? நீங்க எங்கே நின்னு கேட்டீங்க?" என்றாராம். அதற்குமேல் என்ன செய்வது அந்த மனிதரை!

அவர் வீட்டு அம்மாள் ஒரு தடவை என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்கள். "பூனை பாலைக் குடிச்சிடுச்சுங்கன்னு சொன்னேன் தம்பி. குடிக்கிறப்ப பாத்தியா, இல்ல கிண்ணம் காலியானதைப் பாத்தியான்னு கேக்கறாரு. கிண்ணந்தான்னேன். அப்போ பூனை மேல பழி போடாதேன்னுட்டு எழுந்து போயிட்டாரு. மீசையில பால் ஒட்டிக்கினு பூனை அங்கேயே குந்திக்கினு இருக்குது!"

இப்படிப்பட்டவர்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது. ஒருநாள் விழுப்புரம் ஸ்டேஷனில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார்.

"ஏன் சார், பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கோடை லீவுல ட்ரெயினிங் இருக்குது. போலீஸ்காரனுக்கு இருக்குது. கம்பவுண்டருக்குக்கூட இருக்குது. நமக்கு இன்னா இருக்குது? பரீட்சை எழுதினோம், நாற்காலியில குந்தினோம். அத்தோட படிப்பு முடிஞ்சுபோச்சு. தினம் ஒருத்தன் கூண்டுல ஏறி, பாத்தேன்றான். அது நெசமா, கண் மயக்கமான்னு கண்டுபிடிக்க நமக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைதான். சாட்சியச் சட்டத்தை ராகம் போட்டு ஒப்பிப்போம். சாட்சியின் கண்ணைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அப்படித் தொடங்கியது. ஒரு ஞாயிறு விழுப்புரத்தில், மறு ஞாயிறு திண்டிவனத்தில், பூட்டிக் கிடக்கும் கோர்ட் ஹாலைத் திறந்து உட்காருவோம். அவர், நான், விழுப்புரம் முனிசீப், சில சமயம் புதிதாக வேலைக்கு வந்த யாராவது ஒருத்தர். முனிசீப் பயங்கரமான மூக்குப்பொடிக்காரர். சிவில் வழக்குப் பார்க்கிற எனக்கு இது எதற்கய்யா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்துவிடுவார். வாத்தியார் என்று யாரும் கிடையாது. அவர் கேள்வியோடு வருவார், எல்லோருமாக விழிப்போம்.

வகுப்பு எப்போதும் ஹாலுக்குள் அடங்காது. ஒரு மாலை எங்களைக் கூட்டேரிப்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பொழுது சாய்ந்து, மயிலம் மலை நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்பார்கள், அந்த மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். தன் டவாலிச் சேவகரை எதிர்ப்பக்கத்து வரப்பின் கோடியிலிருந்து நடந்து வரச் சொல்லியிருக்கிறார். மூஞ்சி தெரிகிற நிமிஷம் நாங்கள் கையைத் தூக்க வேண்டும். அவர் கோர்ட்டில் ஒரு சாட்சி, சாயங்காலம் கொல்லைக்கு அந்தப் பக்கம் நின்றவனை அடையாளம் கண்டேன் என்று சொல்லியிருந்தானாம். அந்த வழக்கு முடிந்துபோன வழக்கு. ஆனாலும் மனுஷருக்கு அது முடியவில்லை.

வெள்ளை வேட்டியும் கோட்டுமாக நாங்கள் கொல்லையில் நிற்பதை ஒரு குடியானவர் பார்த்துவிட்டு வந்தார். "இன்னா சாமி, பொண்ணு பாக்க வந்தீங்களா? வூடு இந்தாண்ட இல்லீங்க, அந்தாண்ட" என்று அக்கறையாக வழி சொன்னார். முனிசீப்புக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் தூரத்தில் தலைப்பாகை தெரிய, "ஆ, தெரியுது, நம்ம சேவகன்!" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். வந்தது வேறு யாரோ, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர். சேவகர் இன்னும் வரப்பின் கோடியிலேயே பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வரப்போறது சேவகன்னு முன்னாடியே தெரிஞ்சுது, அதனால கண்ணு சேவகனைப் பாத்துடுச்சு" என்றார் நண்பர். யாரையும் கேலி செய்கிற குரல் இல்லை அது. ஏதோ ஆனந்தமான விஷயத்தைக் கண்டவர்போல, அந்த மங்கலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குக் கொசுக்கடி.

இன்னொரு ஞாயிறு. விழுப்புரம் கோர்ட்டில் அவர் ஏதோ பேசிக்கொண்டிருக்க, எவனோ ஒருவன் உள்ளே பாய்ந்து, வாசற்கதவோரம் சாத்தியிருந்த என் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். நான் கத்திக்கொண்டே வெளியே போனேன். ஆள் மறைந்துவிட்டான். அரை மணி கழித்து, சட்டையில்லாத ஒருவனைச் சேவகர் தோளைப் பிடித்து அழைத்துவந்து நிறுத்தினார். "இவனான்னு பாருங்க" என்றார் நண்பர்.

"இவனேதான்" என்றேன் நான். "கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கள், பண்ணுகிறேன்." முனிசீப்பும் இவனேதான் என்றார். புதிதாக வந்தவர் அவன் புருவத்தைக்கூட அடையாளம் சொன்னார்.

பார்த்தால் அவன் ஸ்டேஷன் ஹோட்டலில் மாவாட்டுகிறவன். குடை பறிபோன நேரத்தில் கை நிறைய மாவோடு இருந்தவன். நிஜமாகப் பிடுங்கியவன் பக்கத்து அறையிலிருந்து என் குடையோடு பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். அவனை இவர்தான் ஏவியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் என் தோளைத் தட்டினார். "கோவிச்சுக்காதீங்க சார். நீங்க பாத்தது முதுகு. மூஞ்சியை நான்தான் அப்புறமா குடுத்தேன். உங்க மனசு அதை எடுத்து அந்த முதுகுக்கு ஒட்டிக்கிச்சு."

அதே நாளில்தான் வேறொன்றும் சொன்னார். நீதிபதிக்குச் சொந்தமாக ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அதைத் தீர்ப்பில் நுழைக்கக்கூடாது. ஆனால் கேள்வியாகக் கேட்கலாம். பதில் சாட்சியின் வாயிலிருந்து வர வேண்டும். அன்று குடைக் கோபத்தில் நான் அதைப் பாதிதான் காதில் வாங்கினேன்.

திண்டிவனத்தில் வகுப்பு என்றால் ஸ்டேஷனுக்கு நான் போய்விடுவேன். வண்டி ஏரி வளைவு தாண்டி ஊதும்போதே ஜன்னலில் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த நேரத்தில் தவறாமல் ஒரே காரியம்தான் செய்துகொண்டிருப்பார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையால் கரித்தூளைத் துடைத்துக்கொண்டிருப்பார். வண்டி முழுசாக நிற்கிறவரை துடைப்பார். "எங்க ஊரு கரியை உங்க ஊருக்குள்ள கொண்டாரக்கூடாது, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே மாட்டிக்கொண்டு இறங்குவார். கண்ணாடி இல்லாத முகம் தூங்கி எழுந்த குழந்தை முகம் மாதிரி இருக்கும். எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஒரு ஞாயிறு மட்டும் நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. பல்வலி. கன்னத்தில் கிராம்புத் தைலமும் துணிக்கட்டுமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். முகம் பளபளவென்றிருந்தது.

"பாத்தேன் சார்! வண்டி நிக்கறதுக்குள்ள, ப்ளாட்பாரத்துல ஒரு பொம்பளையோட தகரப் பெட்டியைப் பிடுங்கிக்கினு ஓடறான். என் ஜன்னலைத் தாண்டித்தான் ஓடினான். போலீஸ்காரர் கூட்ஸ் ஷெட் பின்னால போயி ஆளைப் பிடிச்சுக் கொண்டாந்தாரு. இவன்தான்னு அங்கேயே சொல்லிட்டேன். என் கண்ணால பாத்தேன் சார்."

"சொல்லாதீர்கள்! அந்தக் கேஸ் என்னிடம்தானே வரும்" என்றேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஆனால் அன்று பூராவும் அவர் முகத்திலிருந்து அந்தப் பளபளப்பு போகவில்லை. வாழ்நாள் முழுவதும் பார்த்தேன் என்று பிறர் சொல்லக் கேட்டவர், முதல் தடவையாகத் தானே பார்த்திருக்கிறார். அதைப் பார்க்க எனக்குப் பிரியமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பிடிபட்டவன் விழுப்புரத்துக்கு அப்பால் கெடார்ப் பக்கத்து ஆள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற கூலிக்காகத் திண்டிவனம் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தவன். பெட்டி ஷெட்டுக்குப் பின்னால் புதரில் கிடந்தது. அவன் பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். பெட்டிக்காரம்மாள் முதுகைத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். ஆக, முழு வழக்கும் என் சிநேகிதர் கண்மேல் நின்றது.

வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மேலே எழுதட்டுமா என்று திறந்த கோர்ட்டில் அந்த ஆளையே கேட்டேன். சாட்சி எனக்குத் தெரிந்தவர், வேண்டாமென்றால் சொல் என்றேன். விழுப்புரம் சாட்சியின் சொந்தக் கோர்ட், அதனால் கடலூருக்குத்தான் போகும் என்றதும் மிரண்டுபோனான். அவன் பெண்சாதி ஒவ்வொரு வாய்தாவுக்கும் இடுப்பில் குழந்தையோடு கெடாரிலிருந்து நடந்தும், வழியில் வண்டி கிடைத்தால் ஏறியும் வந்து, கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நிற்பாள். "வாணாம் எசமான், கடலூருக்கு அவளால வர முடியாதுங்க. இங்கியே வச்சுக்குங்க" என்றான். வக்கீலும் இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏரி வளைவு, எஞ்சினின் ஊதல், ஜன்னலில் கண்ணாடி இல்லாத அந்த முகம். அதுவே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஆனால் அன்று நான் ஸ்டேஷனில் இல்லையே! அன்று துடைத்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத முடியாது.

மறுநாள் அவர் கூண்டில் ஏறினார். ஹாலில் பாதி வக்கீல்கள் வேலையில்லாமலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சத்தியம் செய்தார். பிராசிக்யூஷன் இன்ஸ்பெக்டர் பயபக்தியோடு கேட்க, கணீரென்று சொன்னார். வண்டி வேகம் குறைந்தது, ஆள் ஓடினான், முகத்தைப் பார்த்தேன், அதோ நிற்கிறவன். தடுமாற்றமே இல்லை. நான் என் வாழ்நாளில் கேட்ட சாட்சிகளில் அவ்வளவு திருத்தமான சாட்சி கிடையாது.

நான் அந்த ஆளைப் பார்த்தேன். "சாட்சியை ஏதாவது கேட்கிறாயா?"

கூப்பிய கையை இறக்காமலே சொன்னான். "நான் இன்னாத்தைக் கேக்கறது எசமான்? அய்யா பெரியவங்க. அவங்களே பாத்தேன்னு சொல்லிட்டாங்க. எனக்கே, நாம்பதான் எடுத்தமான்னு ஆயிடுச்சுங்க."

யாரோ சிரித்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் அந்தக் குழந்தை எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "கோர்ட் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன். அவருடைய கேள்விதான் வந்தது, அவருடைய பேச்சிலேயே வந்தது.

"எங்கே நின்னு பாத்தீங்க?"

ஹால் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததைப் பார்த்து ஹாலும் அடங்கியது.

"நிக்கலை. உக்காந்திருந்தேன். ஜன்னலோரம், ப்ளாட்பாரப் பக்கம்."

"வண்டி நின்றுவிட்டதா?"

"இல்லை. நிக்கப் போகுது."

"அந்த நேரத்தில் உங்கள் மூக்குக்கண்ணாடி எங்கே இருந்தது?"

மூக்குமேல் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லை மறுக்க ஹாலில் ஒரு ஆள் கிடையாது. நானும் அதை நம்பி அந்தக் கெடார்க்காரனை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன், வேறு வழியில்லை. இன்ஸ்பெக்டர் அது என்ன கேள்வி என்பதுபோல நெற்றியைச் சுருக்கினார்.

அவர் கை மெதுவாக எழுந்து, கண்ணாடியின் சட்டத்தைத் தொட்டது. கண் எங்கேயோ போயிற்று. அந்த ஹாலில் அவர் இல்லை. ஏரி வளைவில், வண்டிக்குள், கரிப் புகை நடுவே உட்கார்ந்திருந்தார். மின்விசிறி இல்லாத ஹால் அது. குமாஸ்தாவின் பேனாகூட நின்றுவிட்டது. வெளியே குழந்தையின் அழுகை ஓய்ந்து, காக்கை கத்துவது மட்டும் கேட்டது.

"கையில இருந்தது" என்றார். "தொடைச்சிக்கினு இருந்தேன்."

"கண்ணாடி இல்லாமல் அந்தத் தூரத்தில் உங்களுக்கு முகம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் எந்த முகத்தைப் பார்த்தீர்கள்?"

"கண்ணாடியை மாட்டிக்கினு எறங்கினப்புறம், போலீஸ்காரர் கொண்டாந்து நிறுத்தினாரே, அந்த மூஞ்சியை." கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரல் உடைந்துவிட்டது. "ஓடினதுக்கு மூஞ்சியே இல்லைங்க. இப்பதான் தெரியுது. இந்த ஆளை நான் பாக்கலை."

அன்றைக்கே விடுதலை எழுதினேன். பெட்டியைத் திருடியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆளாகவே இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் பெண்சாதி வாசற்படியில் சேவகரிடம், "அய்யா, வூட்டுக்கு இட்டுக்கினு போலாங்களா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது என் மேஜை வரைக்கும் கேட்டது. வக்கீல் அறையில், ஒரு மாஜிஸ்திரேட் சொன்ன சாட்சியையே தள்ளிவிட்டாராம் என்று வேறொரு பேச்சு ஓடியது. நாளைக்கு இவர் எப்படி விழுப்புரத்தில் நாற்காலியில் உட்காருவார் என்றும் கேட்டார்கள்.

சாயங்கால வண்டிக்கு நான் கூடப் போனேன். ப்ளாட்பாரத்தில் கொஞ்ச தூரத்தில் அந்தக் கெடார்க் குடும்பமும் அதே வண்டிக்குத்தான் காத்திருந்தது. குழந்தை அப்பன் தோளில் தூங்கிவிட்டிருந்தது. கூட்ஸ் ஷெட்டிலிருந்து மல்லாட்டை வாசனை வந்துகொண்டிருந்தது. வானம் அத்தனையும் செம்மண் நிறம்.

"சார்" என்றார் கடைசியில். "இன்னும் அவன்தான் ஓடறான்."

"யார்?"

"கண்ணை மூடினா அந்த ஆளுதான் என் ஜன்னலைத் தாண்டி ஓடறான். பாக்கலைன்னு தெரியுது, ஆனா போக மாட்டேங்குது. என் கண்ணுக்குள்ள குந்திக்கினு இருக்கிறான். நான் பொய் சொல்லலை சார், கூண்டுல மொதல்ல சொன்னப்பகூட." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கிட்ட வந்து சொன்னவங்களும் இப்படித்தானே சொல்லியிருப்பாங்க. அவங்களை நம்பி நான் உள்ள அனுப்பினேனே..."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். "அடுத்த ஞாயிறு வகுப்பு உண்டா?" என்று கேட்டேன்.

"இது இன்னா கேள்வி?" என்றார். "என்னை வச்சித்தான் பாடம்."

வண்டி வந்தது. ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தார். நான் தண்ணீர்க் குழாயைத் தாண்டி, விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். வண்டி அசைந்தது. அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கழற்றி மடியில் வைத்துவிட்டு, வெறும் கண்ணோடு ப்ளாட்பாரத்தை மெல்லத் துழாவினார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அசையாமல் நின்றேன். அந்தத் தூங்கி எழுந்த முகம் சிரித்தது. கையைத் தூக்கி ஆசையாக ஆட்டினார், தண்ணீர்க் குழாயடியில் நின்ற போர்ட்டரைப் பார்த்து.